உடலின் காவலரை எழுப்பும் சிகிச்சை: புற்றுநோயில் இம்யூனோதெரபி

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, புறநோயாளர் பிரிவில் கடைசியாக உள்ளே வந்தவர்கள் ஒரு தந்தையும் மகனும். தந்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசைப்படகில் கடலுக்குச் சென்றவர். கன்னத்தின் உட்புறத்தில் தோன்றிய புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் ஏற்கெனவே முடிந்திருந்தன. இப்போது கழுத்தில் மீண்டும் கட்டி தோன்றியிருந்தது. மகன் தம் கைப்பேசியில் வந்திருந்த ஒரு செய்தியை என்னிடம் காட்டினார்.

"டாக்டர், இந்த ஊசியப் போட்டா எதிர்ப்புச் சக்தி கூடி, கட்டி கரைஞ்சிடும்னு போட்டிருக்கு. அத்தாவுக்குப் போடலாமா? படக வித்தாப் பணம் தேறும்."

தந்தை ஒன்றும் பேசவில்லை. படகு என்ற சொல்லைக் கேட்டதும் தலையைத் திருப்பிக்கொண்டார். (அவர்களை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்; அவர்களின் இசைவோடுதான் எழுதுகிறேன்.)

நம் மருத்துவமனைக்குக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, மீமிசல் பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்கள் பலவும் இப்போது இதே கேள்வியைக் கேட்கின்றன. இம்யூனோதெரபி ஊசி போடப்படுவது திருச்சி, மதுரை, சென்னை போன்ற நகரங்களின் புற்றுநோய் மையங்களில்தான். ஆனால் ஊசிக்கும் ஊசிக்கும் இடைப்பட்ட நாட்களில் நோயாளி வாழ்வது இங்கே. உடலில் மாற்றம் தோன்றினால் முதலில் வந்து நிற்பதும் இங்கேதான். ஆகவே, இச்சிகிச்சை என்ன செய்கிறது, யாருக்குப் பயன்படும், எப்போது எச்சரிக்கை தேவை என்பவற்றை நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிந்திருப்பது அவசியமாகிறது.

காவல் எவ்வாறு நடக்கிறது?

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் 'டி அணுக்கள்' என்றொரு வகை உண்டு. உடல் முழுவதும் சுற்றிவரும் காவலர் என்று இவற்றைக் கூறலாம். கடலுக்குச் செல்லும் மீனவர் அடையாள அட்டை வைத்திருப்பதைப்போல, உடலின் ஒவ்வோர் அணுவும் தனக்குள் உருவாகும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. டி அணு அந்த அட்டையைப் பார்க்கிறது. துண்டு வழக்கமானதாக இருந்தால் கடந்து செல்கிறது. வைரஸ் புகுந்த அணுவாகவோ, மரபணுக்கள் பிறழ்ந்த அணுவாகவோ இருந்தால் அட்டையில் அந்நியமான ஒன்று தெரியும். உடனே அந்த அணுவை அழிக்கிறது.

இவ்வளவு வலிமை வாய்ந்த காவலருக்குக் கட்டுப்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் நம் சொந்த உறுப்புகளையே தாக்கிவிடும். அதற்காக டி அணுவின் மேற்பரப்பிலேயே சில நிறுத்தக் கருவிகள் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றின் பெயர் பிடி-1. நலமான அணு ஒன்று பிடி-எல்1 என்னும் புரதத்தை நீட்டி, டி அணுவின் பிடி-1 உடன் பொருத்தினால், "இங்கே தாக்க வேண்டாம்" என்ற செய்தி கிடைத்து டி அணு அடங்கிவிடும்.

புற்றுநோய் அணுக்கள் பல செய்யும் சூழ்ச்சி இதுவே. அவை பிடி-எல்1 புரதத்தைத் தம் மேற்பரப்பில் ஏராளமாக உருவாக்கிக்கொள்கின்றன. கட்டியின் அருகே வந்த காவலர், பகைவனைக் கண்டும் கை ஓங்காமல் நின்றுவிடுகிறார். காவலர் இல்லாததாலோ, வலிமை குறைந்ததாலோ அன்று. நிறுத்தப்பட்டதால்தான் நோய் வளர்கிறது.

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் இந்த இடத்தில்தான் செயல்படுகின்றன. இவை பிடி-1 மீது சென்று ஒட்டிக்கொண்டு, புற்றுநோய் அணு அதைத் தொடாதபடி மறைத்துவிடுகின்றன. நிறுத்தும் செய்தி போய்ச் சேராததால் டி அணு தன் வேலையை மீண்டும் தொடங்குகிறது. கீமோதெரபி மருந்து புற்றுநோய் அணுவை நேரடியாகக் கொல்கிறது. இம்மருந்தோ அவ்வணுவைத் தொடுவதே இல்லை. தடையை நீக்குவது மருந்து, போரிடுவது உங்கள் உடல்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று விற்கப்படும் சத்துமாவு, கசாயம், சூரணம், மாத்திரை எதுவும் இம்யூனோதெரபி ஆகாது. அவற்றால் பிடி-1 தடையை நீக்க முடியாது. மாறாக, சில மூலிகைகள் கல்லீரலைப் பாதிக்கும்போது, கோளாறு மருந்தால் வந்ததா மூலிகையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

நூற்றாண்டுத் தேடல்

இச்சிந்தனை நேற்றுத் தோன்றியதன்று. 1891-இல் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, கடும் தொற்றுக்கு ஆளான சிலருக்குப் புற்றுக்கட்டி கரைந்ததைக் கவனித்து, கட்டிக்குள் கிருமிகளைச் செலுத்திப் பார்த்தார். பலன் நிலையாக இல்லை. காரணமும் அன்று விளங்கவில்லை.

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி நம் குழந்தைகள் அனைவருக்கும் போடப்படுவது. சென்னைக் கிண்டியில் 1948-இல் அமைக்கப்பட்ட பி.சி.ஜி. ஆய்வகத்தை நம்மில் பலர் அறிவோம். அதே பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால், அங்குள்ள தொடக்கநிலைப் புற்றுநோய் மீண்டும் வருவது குறைகிறது என்று 1976-இல் கனடாவில் கண்டறிந்தனர். இன்றும் அது நடைமுறையில் உள்ளது. எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றுநோயை அடக்கும் மிகப் பழைய சிகிச்சைகளுள் இது ஒன்று.

பிடி-1 புரதத்தை 1992-இல் ஜப்பானியப் பேராசிரியர் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் கண்டறிந்தது. சிடிஎல்ஏ-4 என்னும் மற்றொரு நிறுத்தக் கருவியைத் தடுத்தால் டி அணுக்கள் கட்டியைத் தாக்கும் என்று அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன் காட்டினார். இருவருக்கும் 2018-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல் தோல் புற்றுநோய் கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தபோது, அறுவையும் கதிர்வீச்சும் பெம்ப்ரோலிசுமாப்பும் அளிக்கப்பட்டன. அவர் நூறு வயது வரை வாழ்ந்து 2024-இன் இறுதியில் காலமானார்.

இந்தியாவிலும் இத்துறை வளர்ந்துள்ளது. நோயாளியின் சொந்த டி அணுக்களை எடுத்து, புற்றுநோய் அணுவை அடையாளம் காணும் புதிய உணர்கருவியை மரபணு வழியே பொருத்தி, பெருக்கி, மீண்டும் உடலில் செலுத்துவது கார்-டி சிகிச்சை. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாடா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதனை நாட்டுக்கு அறிமுகம் செய்தார். இது சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும் உரியது. வாய், மார்பகம், கருப்பைவாய் போன்ற கட்டிப் புற்றுநோய்களுக்கு அன்று.

யாருக்குப் பயன்படும்?

மகன் காட்டிய கைப்பேசிச் செய்திக்கு வருவோம். அது முழுப் பொய்யன்று. 2022-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்னும் இம்யூனோதெரபி மருந்து கொடுக்கப்பட்டது; 12 பேருக்கும் கட்டி மறைந்தது. ஆனால் அந்த 12 பேரின் கட்டிகளும் ஒரு தனி வகையைச் சேர்ந்தவை. மரபணுப் பிழைகளைத் திருத்தும் அமைப்புப் பழுதடைந்த கட்டிகள் அவை. பிழைகள் மிகுதியாவதால் அட்டையில் அந்நியத் துண்டுகளும் மிகுதியாகும். டி அணுக்களுக்கு அடையாளம் காண்பது எளிதாகும். மலக்குடல் புற்றுநோயாளிகளில் மிகச் சிலருக்கே இவ்வகை காணப்படுகிறது. செய்தியில் விடுபட்டிருந்தது இந்த ஒரு வரிதான். ஆனால் படகை விற்பதா என்று முடிவு செய்யும் குடும்பத்துக்கு அந்த ஒரு வரியே முதன்மையானது.

தோல், நுரையீரல், சிறுநீரகம், தலை-கழுத்து ஆகிய இடங்களின் புற்றுநோய்களிலும், வேறு சிலவற்றிலும் இம்மருந்துகளுக்கு இடமுண்டு. பிற பலவற்றில் பயன் குறைவு. மீண்டும் தோன்றிய தலை-கழுத்துப் புற்றுநோயில் இம்மருந்தைத் தனியாகக் கொடுத்தால், ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்குகிறது. சுருங்கியவர்களில் சிலருக்கு அப்பயன் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. இதுவே இச்சிகிச்சையின் சிறப்பு. பயன் கிடைக்குமா என்று ஓரளவு கணிக்க, கட்டியிலிருந்து எடுத்த திசுவில் பிடி-எல்1 அளவும், மரபணுத் திருத்த அமைப்பின் நிலையும் சோதிக்கப்படுகின்றன. சோதனை முடிவு தெரியும் முன் பணம் திரட்ட விரையாதீர்கள்.

செலவு குறித்து

இம்மருந்துகளை முழு அளவில் பெறுவது நம் குடும்பங்கள் பெரும்பாலானவற்றின் வருமானத்துக்கு எட்டாதது என்பதை மறைப்பதில் பொருளில்லை. பெம்ப்ரோலிசுமாப்புக்கு 2023-இலும், துர்வாலுமாப் என்னும் மருந்துக்கு 2024-இலும் நடுவண் அரசு சுங்க வரியிலிருந்து விலக்கு அளித்தது. அதன் பின்னரும் சுமை பெரிதே.

இந்த நிலையில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒரு முக்கியமான கேள்வியை எழுப்பியது. நிவோலுமாப் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் கொடுக்கப்படுகிறது. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்தாலும் பயன் கிடைக்காதா? முற்றிய தலை-கழுத்துப் புற்றுநோய் உள்ள 151 பேரை இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு விலை குறைந்த மூன்று வாய்வழி மருந்துகள் மட்டும். மற்றதற்கு அவற்றுடன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். ஓராண்டு முடிவில் முதல் குழுவில் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு 16.3, நிவோலுமாப் பெற்ற குழுவில் நூற்றுக்கு 43.4. முழு அளவு மருந்துடன் இது நேராக ஒப்பிடப்படவில்லை. எல்லாப் புற்றுநோய்களுக்கும் இது பொருந்தும் என்றும் கொள்ளலாகாது. ஆயினும் முழு அளவுக்கு வழியில்லாத வாய்ப் புற்றுநோயாளிக்கு, 'ஒன்றும் செய்வதற்கில்லை' என்பதற்கும் 'வீட்டை விற்றுவிடு' என்பதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்பதை இவ்வாய்வு காட்டியது.

பின்விளைவுகள்: காவலர் எல்லை மீறும்போது

தடை நீக்கப்பட்ட காவலர் சிலவேளை நலமான உறுப்பையும் தாக்குவதுண்டு. முடி கொட்டுதல், கடும் வாந்தி போன்ற கீமோதெரபியின் துன்பங்கள் இதில் குறைவு. அதனாலேயே 'இந்த ஊசிக்குப் பின்விளைவே இல்லை' என்ற தவறான எண்ணம் பரவியுள்ளது. உண்மையில் தோல், குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, அட்ரினல், கணையம், அரிதாக இதயம் என எந்த உறுப்பும் பாதிக்கப்படலாம். முதல் ஊசிக்குப் பின் சில வாரங்களிலும் வரலாம். சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழித்தும் வரலாம்.

கீழ்க்காணும் அறிகுறிகளில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்:

• வழக்கத்தைவிட நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் கூடுதலாக வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம் அல்லது சளி, கடும் வயிற்றுவலி.
• புதிதாகத் தோன்றிய வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குதல்.
• நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம்.
• கண் அல்லது தோல் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல்.
• அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல்.
• எழ முடியாத அளவு சோர்வு, தலைச்சுற்றல், தாங்காத தலைவலி.
• இமை தொங்குதல், இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி.
• உடலெங்கும் தடிப்பு, கொப்புளம்.

இவற்றுள் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே தெரிந்தால் ஸ்டீராய்டு மருந்தால் அடங்கிவிடும். காலந்தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்தாகும். சிகிச்சை பெறும் மையத்தில், 'இவர் இம்யூனோதெரபி பெறுகிறார்' என்று மருந்தின் பெயருடன் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, எப்போதும் உடன் வைத்திருங்கள். எந்த மருத்துவரிடம் எந்த நோய்க்குச் சென்றாலும் முதலில் அதைக் காட்டுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையோ ஆன்டிபயாட்டிக்கையோ மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கி விழுங்காதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

முடக்குவாதம், லூபஸ், குடலழற்சி, சொரியாசிஸ் போன்ற நோய்கள் முன்பே இருந்தாலும், உறுப்பு மாற்று அறுவை செய்திருந்தாலும், கருவுற்றிருந்தாலும் முதலிலேயே தெரிவியுங்கள். பின்னர், புற்றுநோய் மருத்துவரிடம் இந்த ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்:

1. எங்கள் நோய் வகைக்கு இம்மருந்து பயன் தருமா? திசுச் சோதனை அதைப் பற்றி என்ன கூறுகிறது?
2. நோக்கம் குணப்படுத்துவதா, நோயைக் கட்டுப்படுத்தி ஆயுளை நீட்டிப்பதா?
3. எத்தனை ஊசி, எவ்வளவு செலவு? பயன் தெரிகிறதா என்று எப்போது சோதிப்பீர்கள்? பயன் இல்லையெனில் எப்போது நிறுத்துவோம்?
4. குறைந்த அளவு மருந்து எங்கள் நிலைக்குப் பொருந்துமா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ வேறு உதவியிலோ எந்தச் சிகிச்சை அடங்கும்?
5. இரவில் அவசரம் என்றால் யாரை அழைப்பது?

இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பலரும் அஞ்சுகிறார்கள். விடையைக் கேட்டறிந்த குடும்பங்களே நிதானமாக முடிவெடுப்பதைக் கண்டிருக்கிறேன்.

அந்தக் குடும்பம்

அந்தத் தந்தையும் மகனும் இக்கேள்விகளோடு புற்றுநோய் மையத்துக்குச் சென்றார்கள். குணப்படுத்த இயலாது, கட்டுப்படுத்த முயலலாம் என்று அங்கே தெளிவாகக் கூறினார்கள். குறைந்த அளவு நிவோலுமாப்பும் வாய்வழி மருந்துகளும் தொடங்கப்பட்டன. படகு விற்கப்படவில்லை.

மூன்றாவது ஊசிக்குப் பின் வயிற்றுப்போக்கு கண்டது. கடல் மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி, கடையில் மாத்திரை வாங்கி இரண்டு நாள் கடத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் இரவு, மருமகள்தான் அட்டையை நினைவுகூர்ந்து, "மாமாவ இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்" என்று பிடிவாதமாக அழைத்து வந்தார். நீரிழப்பு கடுமையாக இருந்தது. அது உணவால் வந்ததன்று, குடலழற்சியே என்று மையத்து மருத்துவருடன் பேசி உறுதி செய்து, ஸ்டீராய்டு தொடங்கினோம். சில நாட்களில் தேறினார். இன்னும் இரண்டு நாள் வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே தயக்கமாக உள்ளது.

ரமலான் மாதத்தில் அவர் இன்னும் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். நோன்பு வைக்காதிருக்க அவர் மனம் ஒப்பவில்லை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் எடுத்துச் சொன்ன பிறகே இசைந்தார். உங்கள் வீட்டிலும் நோன்போ விரதமோ குறுக்கிட்டால், மாத்திரையை நிறுத்தும் முன் எங்களிடம் கேளுங்கள்.

அவருடைய கட்டி மறைந்துவிடவில்லை. சுருங்கி, அதே நிலையில் நிற்கிறது. எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அவரும் கேட்பதில்லை. எனக்கும் சொல்லத் தெரியாது. மாலையில் கரையில் அமர்ந்து அறுந்த வலையைச் சரிசெய்கிறார் என்று மகன் கூறினார். கடைசியாக வந்தபோது, தம்முடன் தொழில் செய்யும் இளைஞர் இருவரையும் அழைத்து வந்து, "இவனுக வாயக் கொஞ்சம் பாருங்க டாக்டர், ரெண்டு பேரும் புகையில போடுறானுக" என்றார். ஒருவருக்குக் கன்னத்தில் வெண்படலம் இருந்தது. புற்றுநோய் ஆகும் முன்பே தடுக்கக்கூடிய நிலை அது.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்திலிருந்தே 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அன்று இந்நோய்க்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு. இன்று செய்யக்கூடியது மிகுதி. அதனாலேயே தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டியதும் மிகுதி. வாயில் இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெண்படலம், கழுத்தில் வலியற்ற கட்டி இவற்றில் எது தென்பட்டாலும் காத்திருக்காமல் வாருங்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் அட்டையை மறவாதீர்கள். ஐயம் எதுவாயினும், சிறிதென்று எண்ணாமல் எங்களிடம் கேளுங்கள்.